கூரை மடியும் பழைய கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் கதவைப் பாருங்கள்

போன வாரம் ஒரு அப்பாவும் மகளும் லாரியில் ஏற்றி ஒரு காரை என் பட்டறைக்குக் கொண்டு வந்தார்கள். 1960-களின் எம்ஜிபி, பிரிட்டனின் எம்ஜி நிறுவனத்துக் கார். இரண்டு கதவு, மடக்கும் துணிக்கூரை, கண்ணைப் பறிக்கும் சிவப்பு. விற்பனை விளம்பரத்தையும் காட்டினார்கள்: "எஞ்சின் கச்சிதம், புதிய பெயின்ட், கூரைத் துணி மட்டும் மாற்ற வேண்டும்." பணம் கொடுத்துப் பதினைந்து நாள்தான் ஆகிறது. "இடது கதவு மட்டும் கொஞ்சம் இடிக்குது, கீலை சரி பண்ணிக் கொடுங்க" என்றார் அப்பா.

கீலில் ஒரு குறையும் இல்லை. கதவின் பின்விளிம்பு மேலே தூணில் முட்டிக்கொண்டு நின்றது. கீழே சுண்டுவிரல் போகும் அளவுக்கு இடைவெளி. கதவுக்கு அடியில் இருக்கும் படியை ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பார்த்தேன். இரும்பின் ஓசை வரவில்லை, சாக்கு மூட்டையைத் தட்டியதுபோல் 'தொப்'பென்று கேட்டது. சுரண்டினேன். பெயின்டுக்குக் கீழே விரல் தடிமனுக்குப் பட்டி. அதற்குக் கீழே கம்பிவலை. அதற்கும் உள்ளே ஃபோமும் சுருட்டித் திணித்த செய்தித்தாளும். இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் துருத்தூள் கொட்டியது. அப்பா எதுவும் பேசவில்லை. மகள்தான் கேட்டாள்: "அப்போ இதை ஓட்டிக்கிட்டே வந்திருந்தா?"

இந்த ஒரு வருடத்தில் இப்படி வந்த நான்காவது கார் இது. நான்கு பேருமே வாங்கிய பிறகுதான் என்னிடம் வந்தார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

"கன்வெர்ட்டிபிள் என்றால் சாதாரணக் கார்தானே, கூரை மட்டும் இல்லை" என்று எல்லோருமே நினைக்கிறார்கள். இந்த நினைப்பை மாற்றாமல் வேறு எதைச் சொல்லியும் பயனில்லை. ஒரு செருப்புப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியை நன்றாக ஒட்டிவிட்டு இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், அசையாது. மூடியைப் பிய்த்துவிட்டு முறுக்குங்கள், துணி மாதிரி வளையும். காரிலும் கூரைதான் அந்த மூடி. அடியில் தனி இரும்புச் சட்டம் (சேஸிஸ்) இல்லாமல் உடலே சட்டமாக இருக்கும் கார்களில் கூரை வெறும் வெயில் மறைப்பு கிடையாது. முன்பாதியையும் பின்பாதியையும் மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் வேலை அதனுடையது. அதை எடுத்துவிட்டால் அந்தப் பாரம் முழுவதும் கீழே இறங்குகிறது: தரைத் தகட்டுக்கும், இரண்டு பக்கப் படிகளுக்கும். ஏறி இறங்கும்போது காலைத் தாண்டி வைக்கிறோமே, அந்தப் படியைத்தான் சொல்கிறேன்.

காரைத் தயாரித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் ஃபோர்டு மஸ்டாங் கன்வெர்ட்டிபிளுக்குப் படியின் உள்ளே கூடுதல் தகடுகள் வைத்தார்கள். கார்மன் நிறுவனம் கட்டிய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கன்வெர்ட்டிபிளுக்கும் படிக்கு அடியில் தனி வலுவூட்டல் உண்டு. இந்த இரண்டுமே கூரை இல்லாதபோதும், கூரையுள்ள தங்கள் உடன்பிறப்புகளைவிட எடை அதிகமானவை. போன எடை எங்கே திரும்பி வந்தது என்று யோசித்தாலே விஷயம் புரிந்துவிடும்.

எம்ஜிபியில் வெளியே தெரியும் படித் தகட்டுக்கு உள்ளே இன்னும் சில அடுக்குகள் இருக்கின்றன. தண்ணீர் துணிக்கூரை வழியாகக் கசிந்து தரைவிரிப்பில் தங்கும், வடிகால் துளைகள் மண்ணில் அடைத்துக்கொள்ளும், துரு உள்ளிருந்து வெளியே வரும். பெயின்டில் சின்னக் குமிழ் தெரியும்போதே உள்ளே பெரும்பகுதி போயிருக்கும். "சின்ன குமிழ்தான் சார், தேய்த்து டச்சப் பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு நகராமல் நின்று பாருங்கள்.

எல்லாப் பழைய காரும் இப்படி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். டிரையம்ப் ஹெரால்டு போன்றவற்றில் தனிச் சேஸிஸ் உண்டு, உடல் அதன்மேல் போல்ட்டில் நிற்கிறது. அங்கே நீங்கள் கவலைப்பட வேண்டியது சேஸிஸைப் பற்றி. 1953-இல் வந்த ஷெவர்லே கார்வெட்டின் உடல் கண்ணாடி இழை. "துருவே பிடிக்காது" என்று விற்பார்கள். உடல் துருப்பிடிக்காதுதான், அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் பிடிக்கும். 1963 முதல் வந்த கார்வெட்டில் முன்கண்ணாடியைச் சுற்றி உள்ளே ஓர் இரும்புக்கூடும் இருக்கிறது. அதை மறந்தவர்கள் பலர்.

இன்னொரு வகை இதைவிட மோசம். கூரையுள்ள காரை வாங்கி, மேல்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, துணி மாட்டிக் கன்வெர்ட்டிபிள் என்று விற்பது. இதைக் கண்டுபிடிக்க, தயாரித்தவர்கள் காருக்குக் கொடுத்த அடையாள எண்ணின் பலகையைப் படிக்கத் தெரிய வேண்டும் (பதிவு எண் பலகை அல்ல). உதாரணம்: 1965 மஸ்டாங்கின் எண்ணில் மூன்றாவது, நான்காவது இடங்களில் 08 இருந்தால் அது கன்வெர்ட்டிபிளாகப் பிறந்தது. 07 என்றால் கூரையோடு பிறந்தது. கூரை இல்லாத காரில் 07 இருந்தால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம். 1981-க்கு முன்பு 17 இலக்க எண் கட்டாயமாக இருக்கவில்லை, ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எழுதியது. அதனால் நீங்கள் பார்க்கப் போகும் காரின் எண் எப்படிப் படிக்கப்படுகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள். பலகையில் உள்ள எண்ணும் ஆவணத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பலகையின் ரிவெட்டுகள் மட்டும் புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

நேரில் போகாமல் முன்பணம் அனுப்பாதீர்கள். மழையிலோ, கழுவிய ஈரத்திலோ பார்க்காதீர்கள். ஈரத்தில் எந்தப் பெயின்டும் அழகுதான். எஞ்சினை ஆறவைத்திருக்கச் சொல்லுங்கள். போனதும் எஞ்சின் மூடியைத் திறக்க ஓடாதீர்கள், தயவுசெய்து. எஞ்சினைப் பிரித்து மாட்டிவிடலாம்; உடல் போனால் காரே போயிற்று. முதலில் இரண்டு கதவுகளையும் திறந்து மூடுங்கள். தூக்கி மூட வேண்டியிருக்கிறதா? இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவா? அப்புறம் ஜாக்கி வைத்து ஒரு பக்கம் தூக்கச் சொல்லி மறுபடி அதே இடைவெளியைப் பாருங்கள். அது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாறினால் கார் நடுவில் வளைகிறது என்று அர்த்தம். விற்பவர் ஜாக்கி வைக்க விடமாட்டேன் என்றால் அதுவே பதில். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைப் படியின் நீளத்துக்கும் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி. தரைவிரிப்பைத் தூக்குங்கள். வெட்கப்படாதீர்கள், உங்கள் பணம்.

டயரில் நல்ல பட்டன் இருக்கிறது என்று மயங்க வேண்டாம். டயரின் வயதைப் பாருங்கள்: 2000-இலிருந்து தயாரித்த தேதியை டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கமாக அச்சிடுகிறார்கள், 2309 என்றால் 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பிரேக் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ் எல்லாம் எந்த நிலையிலிருந்தாலும் மாற்றிவிடுங்கள். கூரைத் துணியை ஈரத்தோடு மடக்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? அதுவும் பரவாயில்லை, பெரும்பாலான கார்களைக் காப்பாற்றலாம். ஆனால் ஒன்று: படியை வெட்டும் முன் கதவு வாசலின் குறுக்கே குழாய் வைத்துப் பற்றவைத்துத் தாங்கல் கொடுக்காத பட்டறையில் காரை விடாதீர்கள். தாங்கல் இல்லாமல் வெட்டினால் உடல் நடுவில் இறங்கிவிடும். இறங்கிய நிலையில் புதுத் தகட்டை வெல்டிங் செய்தால் அந்தக் கோணல் நிரந்தரம், பிறகு எந்தக் கதவும் பொருந்தாது. அப்படிச் செய்யப்பட்ட இரண்டு கார்களை மறுபடி வெட்டியிருக்கிறேன்.

அந்தச் சிவப்பு எம்ஜிபியின் இரண்டு கதவுகளையும் கழற்றிவிட்டேன். இடது பக்கம் மூன்று குழாய், வலது பக்கம் மூன்று. மகள் நேற்று வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். திங்கட்கிழமை இடது படியை வெட்டுகிறோம். அவளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.