பருந்தின் உடல் கிடைத்தால்தான் வழக்கு

ஆகஸ்ட் 12 பிறந்துவிட்டால் வட இங்கிலாந்து, ஸ்காட்லாந்து மேட்டுநிலங்களில் துப்பாக்கிச் சத்தம் தொடங்கிவிடும். டிசம்பர் 10 வரை ரெட் க்ரவுஸ் வேட்டைக்காலம். கௌதாரியைவிடச் சற்றுப் பெரிய, செம்பழுப்பு நிறக் காட்டுப்பறவை அது. ஆட்கள் வரிசையாக நடந்து, கொடி வீசிப் பறவைகளைக் கிளப்புவார்கள். எதிரே மறைப்புகளுக்குப் பின்னால் நிற்பவர்கள், தாழப் பறந்து வருபவற்றைச் சுடுவார்கள். ஒரு நாள் வேட்டைக்கு ஒருவர் ஆயிரக்கணக்கான பவுண்டு கொடுக்கிறார்.

இயல்பாக வாழும் பறவைகள் இந்த வேட்டைக்குப் போதாது. அதனால் ஹெதர் புதர்களைத் துண்டு துண்டாக எரித்து இளந்தளிரை வளர்க்கிறார்கள். குடற்புழு மருந்து சேர்த்த சரளைப் பொடியை ஆங்காங்கே வைக்கிறார்கள். நரிகளையும் காகங்களையும் சட்டப்படியே கொல்கிறார்கள். ஆனால் பருந்தைக் கொல்லச் சட்டத்தில் இடமில்லை. க்ரவுஸ் குஞ்சுகளைத் தூக்கும் பூனைப்பருந்துக்கு 1954 முதலே சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. இருந்தும் 2013-இல் இங்கிலாந்து முழுவதிலும் ஒரு பூனைப்பருந்துக் குஞ்சுகூடக் கூட்டைவிட்டுப் பறக்கவில்லை.

நான் கால்நடை மருத்துவர். இறந்த காட்டுப்பறவைகளைச் சோதித்து அறிக்கை எழுதுவது என் வேலையின் ஒரு பகுதி. மேசைக்கு வரும் பருந்தை முதலில் எக்ஸ்ரே எடுப்போம். ஈயச்சில்லுகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். குண்டு இருப்பதால் மட்டும் குண்டடியில் இறந்தது என்று எழுதிவிட முடியாது. பழைய குண்டைச் சதைக்குள் சுமந்தபடியே உயிரோடு திரியும் பறவைகளும் உண்டு. காயத்தைச் சுற்றி இரத்தம் கட்டியிருக்கிறதா, எலும்பு முறிந்த இடத்தில் ஆறத் தொடங்கிய அடையாளம் உண்டா என்று பார்த்த பிறகே எழுதுவேன்.

நஞ்சு வைத்தால் வேறு அடையாளங்கள். நகங்கள் இறுக மடங்கியிருக்கும். தின்ற இறைச்சி பெரும்பாலும் இரைப்பையிலேயே செரிக்காமல் கிடக்கும். உடலை மொய்த்த ஈக்களும் பக்கத்திலேயே செத்துக் கிடந்தால் கார்போஃபியூரான் மீது சந்தேகம் வரும். நம் ஊர் உரக்கடைகளில் ஃபியூரடான் என்ற பெயரில் விற்ற அதே குருணை மருந்துதான். பிரிட்டனில் 2001-இலேயே தடை செய்யப்பட்டது. ஆனாலும் அதற்குப் பிறகு கழுகுகளின் உடலில் கிடைத்திருக்கிறது.

ஆனால் இவ்வளவும் உடல் கிடைத்தால்தான். ஆள் நடமாட்டமில்லாத ஆயிரக்கணக்கான ஏக்கரில் சுட்டவர் பறவையைப் புதைத்துவிட்டால் எனக்கு மேசையில் வேலை இல்லை, காவல்துறைக்கு வழக்கும் இல்லை. பிரிட்டனில் ஒரு கேம்கீப்பர், அதாவது வேட்டைநிலக் காவலர், இதற்காகச் சிறை சென்றது முதன்முறையாக 2015-இல்தான். அதுவும் மறைவாக வைத்த கேமரா இருந்ததால்.

செயற்கைக்கோள் கருவி வந்த பிறகுதான் காணாமல்போனவற்றின் கணக்கு தெரியவந்தது. கருவி பொருத்திய 58 பூனைப்பருந்துகளைப் பற்றிய ஆய்வு 2019-இல் வெளியானது. அவற்றில் 72 சதவீதம் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவை, அல்லது அப்படிக் கொல்லப்பட்டிருக்கவே வாய்ப்பு மிகுந்தவை. க்ரவுஸ் நிலங்களுக்கு மேலே பறக்கும்போது அவை இறக்கவோ மறையவோ பத்து மடங்கு வாய்ப்பு இருந்தது. பொன்னாங்கழுகுகளின் கதையும் இதுவே: ஸ்காட்லாந்தில் கருவி பொருத்திய 131-இல் 41 சந்தேகத்துக்குரிய முறையில் மறைந்தன.

பருந்தை விட்டுவைத்தால் வேட்டையே நின்றுவிடும் என்ற எதிர்த்தரப்பின் கவலை கற்பனையல்ல. ஸ்காட்லாந்தின் லாங்ஹோம் நிலத்தில் 1992 முதல் பருந்துகளைத் தொடாமல் விட்டுப் பார்த்தார்கள். கூடு கட்டிய பெண் பூனைப்பருந்துகள் ஐந்தே ஆண்டுகளில் 2-லிருந்து 20 ஆயின. க்ரவுஸ் குறைந்து வேட்டை நின்றது. காவலர்கள் போனதும் நரிகள் பெருகின. தரையில் கூடு கட்டும் பூனைப்பருந்துகளும் பிறகு குறைந்தன. நரிகளைக் கட்டுப்படுத்தும் இடங்களில் கர்லூ, ஆட்காட்டி போன்ற தரைக்கூட்டுப் பறவைகள் நன்றாகக் குஞ்சு பொரிக்கின்றன என்பதும் உண்மை. இவற்றை மறைத்துப் பேசினால் நம் வாதம்தான் பலவீனப்படும். அதற்காகச் சட்டத்தை மீறிய ஒரு தொழிலுக்கு விலக்கு கொடுக்க முடியாது. பருந்தைக் கொன்றால்தான் இலாபம் கிடைக்கும் என்றால், கணக்கை மாற்ற வேண்டியது வேட்டை நடத்துபவர்தான்.

தனி ஆளைத் துரத்துவதால் பயனில்லை. நிலத்தைப் பொறுப்பாக்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. சம்பளத்துக்கு வேலை செய்யும் கேம்கீப்பர் மாட்டிக்கொள்ள, எஸ்டேட் அடுத்த ஆகஸ்டில் வழக்கம்போல் வேட்டை நடத்துவது நியாயமே இல்லை. ஸ்காட்லாந்து 2024-இல் இயற்றிய சட்டத்தால் க்ரவுஸ் வேட்டைக்கு உரிமம் கட்டாயமாகியிருக்கிறது. பருந்துக்கொலை தொடர்பான குற்றம் அங்கே நடந்ததாகத் தெரிந்தால், யார் சுட்டார் என்று நீதிமன்றத்தில் நிறுவப்படாவிட்டாலும் உரிமத்தை நிறுத்தலாம். எல்லைக்குத் தெற்கே இங்கிலாந்தில் அப்படி ஒரு உரிமம் இல்லை. வேட்டையை அறவே தடை செய்யக் கோரிய மனுக்கள் மீது 2016-லும் 2025-லும் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. அரசு இரண்டு முறையும் அசையவில்லை. முழுத்தடை வரும்வரை காத்திருக்காமல் முதலில் உரிமத்தையாவது கேட்போம்.

யார்க்ஷயர் பக்கம் மலையேற்றம் போகும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. இறந்த பருந்தையோ, யாரோ போட்டுவைத்தது போன்ற முயல் அல்லது புறா இறைச்சியையோ கண்டால் கையால் தொடாதீர்கள். கார்போஃபியூரான் தோல் வழியாகவும் உடலில் ஏறும். குழந்தைகளையும் நாயையும் தள்ளி நிறுத்துங்கள். இடம் தெரியும்படி அகலமாக ஒரு படம், பறவையை நெருக்கத்தில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். செல்பேசி வரைபடத்தில் இடத்தைக் குறித்துக்கொண்டு, அவசரமில்லாத புகார்களுக்கான காவல்துறை எண் 101-க்கு அழைத்து, வனவிலங்குக் குற்றம் என்று சொல்லிப் பதிவு எண் வாங்குங்கள். குற்றம் கண்முன்னே நடந்துகொண்டிருந்தால் குறுக்கே போகாமல் அவசர எண் 999-ஐ அழையுங்கள்.