முறைகேட்டைத் தெரிவிக்கும் ஊழியருக்கு என்ன பாதுகாப்பு? நிறுவனங்களின் விழிப்பு ஏற்பாடு: ஒரு விளக்கம்

கொள்முதல் பிரிவில் பணிபுரியும் ஒருவர், கிடங்குக்கு வந்தே சேராத சரக்குக்குப் பில் பாஸ் ஆகியிருப்பதைக் கவனிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பில்லில் கையெழுத்திட்டிருப்பவர் அவருடைய மேலாளர். தான் பார்த்தது சரிதானா என்று யோசிக்கும் முன்பே, இதை வெளியே சொன்னால் வேலை நிலைக்குமா என்ற அச்சம் அவருக்கு வந்துவிடும். அந்த அச்சத்துக்கு இந்தியச் சட்டம் ஓரளவு பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதில் எந்த இடத்தில் உறுதியாக இருக்கிறது, எந்த இடத்தில் நிறுவனத்தின் நல்லெண்ணத்தை நம்பி விடப்பட்டிருக்கிறது என்பதை ஊழியர்களும், இத்தகைய ஏற்பாட்டை அமைக்கும் பொறுப்பில் உள்ளவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 177-ஆவது பிரிவில் உள்ள 9, 10 ஆகிய உட்பிரிவுகளே இதற்கு அடிப்படை. இயக்குநர்களும் ஊழியர்களும் தங்களுக்கு எழும் உண்மையான கவலைகளைத் தெரிவிப்பதற்கு நிறுவனம் ஒரு விழிப்பு ஏற்பாட்டை உருவாக்க வேண்டும் என்று 9-ஆவது உட்பிரிவு கூறுகிறது. அதைப் பயன்படுத்துபவர் பழிவாங்கப்படாமல் இருக்கப் போதிய பாதுகாப்பு இருக்க வேண்டும் என்றும், தக்க சூழலிலும் விதிவிலக்கான சூழலிலும் அவர் தணிக்கைக் குழுவின் (நிறுவனத்தின் கணக்குகளையும் தணிக்கையையும் கண்காணிக்கும், இயக்குநர்கள் அடங்கிய குழு) தலைவரை நேரடியாக அணுக வழி இருக்க வேண்டும் என்றும் 10-ஆவது உட்பிரிவு கூறுகிறது. ஏற்பாட்டின் விவரங்கள் நிறுவனத்தின் இணையதளத்திலும் இயக்குநர் குழுவின் அறிக்கையிலும் இடம்பெற வேண்டும்.

இவற்றில் தணிக்கைக் குழுத் தலைவரை நேரடியாக அணுகும் உரிமையே எல்லாவற்றிலும் பெரியது என்பது என் கருத்து. மேலாளர், மனிதவளப் பிரிவு, நிதிப் பிரிவு ஆகிய அனைவரும் இறுதியில் நிர்வாக இயக்குநருக்குக் கீழ்ப்பட்டவர்கள். பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் தணிக்கைக் குழுவின் தலைவர் சுயாதீன இயக்குநராக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே அன்றாட நிர்வாகத்துக்கு வெளியே நிற்கும் ஒருவரின் காதுக்குச் செய்தி போகிறது. புகார் உயரதிகாரியைப் பற்றியதாக இருக்கும்போது ஊழியருக்கு இருக்கும் உண்மையான வாசல் இதுதான். ஆனால் அவரை எந்த மின்னஞ்சலில், எந்த முகவரியில் அணுகுவது என்பதைக் கொள்கை ஆவணத்தின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டால், அந்த வாசல் இருப்பதே யாருக்கும் தெரியாது.

எந்தெந்த நிறுவனங்களுக்கு இது கட்டாயம் என்பதை, இயக்குநர் குழுவின் கூட்டங்கள், அதிகாரங்கள் குறித்து அச்சட்டத்தின் கீழ் வந்த 2014-ஆம் ஆண்டு விதிகளில் 7-ஆவது விதி வரையறுக்கிறது. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட எல்லா நிறுவனங்களும், பொதுமக்களிடமிருந்து வைப்புத்தொகை பெறும் நிறுவனங்களும், வங்கிகளிடமும் பொது நிதி நிறுவனங்களிடமும் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் பெற்றுள்ள நிறுவனங்களும் இதற்குள் வருகின்றன. மூன்றாவது வகையைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே குடும்பத்தார் நடத்தும் பிரைவேட் லிமிடெட் நூற்பாலையோ வார்ப்பாலையோ வங்கிக் கடன் 50 கோடியைத் தாண்டிவிட்டால், பங்குச்சந்தையின் பக்கமே போகாவிட்டாலும் இந்த ஏற்பாட்டை அமைத்தாக வேண்டும். தணிக்கைக் குழு அமைக்கும் கடமை இல்லாத நிறுவனம், அந்தப் பொறுப்பை ஏற்க ஓர் இயக்குநரை நியமிக்க வேண்டும். தணிக்கைக் குழு உள்ள இடத்தில், குறிப்பிட்ட ஒரு புகாரில் உறுப்பினர் எவருக்காவது சொந்தத் தொடர்பு இருந்தால், அவர் அந்த விசாரணையிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும்.

பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு, பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2015-ஆம் ஆண்டு பட்டியலிடல் விதிமுறைகளில் 22-ஆவது விதி கூடுதலாகப் பொருந்தும். இயக்குநர்கள், ஊழியர்கள் ஆகியோருடன் ஏற்பாட்டைப் பயன்படுத்தும் 'வேறு எந்த நபருக்கும்' பழிவாங்கலிலிருந்து பாதுகாப்பு வேண்டும் என்று அது சொல்கிறது. இந்த இரண்டு மூன்று சொற்கள், ஒப்பந்தத் தொழிலாளர், சரக்கு வழங்குபவர், முன்னாள் ஊழியர் ஆகியோரின் புகாரையும் மதித்து ஏற்பதற்கு இடம் தருகின்றன. தணிக்கைக் குழுவை அணுகும் வாய்ப்பு எவருக்கும் மறுக்கப்படவில்லை என்று நிறுவனம் ஆண்டறிக்கையில் உறுதி கூறவும் வேண்டும். பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய வெளியிடப்படாத தகவல் கசிவது குறித்துத் தெரிவிக்கவும் நிறுவனத்தின் கொள்கையில் இடம் இருக்க வேண்டும். இது செபியின் உட்தகவல் வர்த்தகத் தடை விதிமுறைகளில் உள்ள கட்டாயம்.

177-ஆவது பிரிவை மீறும் நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாயும், தவறு செய்த அதிகாரி ஒவ்வொருவருக்கும் 1 லட்சம் ரூபாயும் அபராதம் உண்டு. ஆனால் பழிவாங்கப்பட்ட ஊழியருக்கு இவ்வளவு இழப்பீடு, இத்தனை நாளுக்குள் மீண்டும் பணி என்று அந்தப் பிரிவு எதையும் சொல்லவில்லை. 'போதிய பாதுகாப்பு' என்றால் என்ன என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே எழுதிக்கொள்ளும்படி சட்டம் விட்டுவிட்டது. இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய குறை இதுவே.

இந்தக் குறைக்கு நடுவிலும் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு இருக்கிறது. நிறுவனத்தின் விவகாரங்கள் குறித்து அச்சட்டத்தின் கீழ் மத்திய அரசின் உத்தரவுப்படி விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது, ஊழியர் ஒருவரைப் பணிநீக்கம் செய்யவோ, இடைநீக்கம் செய்யவோ, பதவி இறக்கவோ, பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றவோ நிறுவனம் விரும்பினால், தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டும் என்று 218-ஆவது பிரிவு கூறுகிறது. விண்ணப்பித்து 30 நாட்களுக்குள் தீர்ப்பாயத்திடமிருந்து பதில் வராவிட்டால் நிறுவனம் தன் முடிவைச் செயல்படுத்தலாம் என்பது இதன் வரம்பு. நிறுவனம் தானாக நடத்தும் உள்விசாரணைக்கு இது பொருந்தாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆயினும் மத்திய அரசின் தீவிர மோசடி விசாரணை அலுவலகம் உள்ளே நுழைந்துவிட்ட நிறுவனத்தில் பணிபுரியும் சாட்சிகளுக்கு இது உறுதியான காப்பு.

ஏற்பாட்டை அமைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

புகாரைப் பெற ஒரு மின்னஞ்சல் முகவரியைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பல நிறுவனங்கள் கருதுகின்றன. புகார் வந்த மறுநாளிலிருந்து என்ன நடக்கிறது என்பதில்தான் ஊழியர்களின் நம்பிக்கை நிற்கிறது. பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை சில நாட்களுக்குள் போக வேண்டும். யார் விசாரிப்பார், எவ்வளவு காலத்தில் முடிப்பார், முடிவு எந்த அளவுக்குப் புகார்தாரருக்குத் தெரிவிக்கப்படும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு வேண்டும்; அவர் பெயரும் விசாரணை முடியும்வரை காக்கப்பட வேண்டும். நம்பிக்கை, நடுநிலை, பாதுகாப்பு என்ற மூன்றையும் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 2021-இல் வெளியிட்ட ஐஎஸ்ஓ 37002 வழிகாட்டுதல் இவ்வகை ஏற்பாட்டின் அடிப்படைகளாக வைக்கிறது.

புகார்தாரரின் பெயரைக் காப்பது என்றால் பெயரை அழித்துவிடுவது மட்டும் போதாது. நான்கு பேர் மட்டுமே வேலை செய்யும் ஒரு பிரிவில், 'இரவு ஷிப்டில் நடந்ததைப் பார்த்த ஒருவர்' என்று விசாரணைக் குறிப்பில் எழுதினால், அது பெயரை எழுதியதற்குச் சமம். எனவே புகாரின் வாசகம் அப்படியே யாருக்கும் அனுப்பப்படக் கூடாது. அதன் பொருளை எடுத்து, வழக்கமான தணிக்கையில் கண்டதுபோல விசாரணையைத் தொடங்குவது அனுபவமுள்ள அதிகாரிகள் கையாளும் முறை.

பழிவாங்கல் பெரும்பாலும் பணிநீக்க ஆணையாக வருவதில்லை. முதலில் கூட்டங்களுக்கு அழைப்பு நின்றுபோகும். பிறகு தொலைவான ஊருக்கு மாறுதல் வரும். ஆண்டு மதிப்பீட்டில் தரம் இறங்கும். இன்கிரிமென்ட் பெயரளவுக்குப் போடப்படும். ஒன்றுமில்லாத காரணங்களுக்கு மெமோ வரத் தொடங்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் நிர்வாகக் காரணம் ஒன்று காட்டப்பட்டிருக்கும். ஆகவே, தெரிவித்தவரின் மாறுதல், மதிப்பீடு, சம்பளம், ஒழுங்கு நடவடிக்கை ஆகிய நான்கையும் குறைந்தது இரண்டு ஆண்டு மதிப்பீட்டுச் சுற்றுகள் முடியும்வரை தணிக்கைக் குழு பார்வையிட வேண்டும் என்று கொள்கையில் எழுதுவது அவசியம். சட்டம் இப்படி ஒரு காலத்தைக் குறிப்பிடவில்லை. ஆனால் இது இல்லாத பாதுகாப்பு காகிதத்தோடு நின்றுவிடும்.

மொழியும் இதில் சேர்ந்தது. திருப்பெரும்புதூரிலும் ஓசூரிலும் உள்ள ஆலைகளில் இயந்திரத்தின் முன் நிற்பவருக்குத் தன் நிறுவனத்தின் கொள்கை ஆங்கிலத்தில் முப்பது பக்கம் என்றால், அது அவருக்கு இல்லாததற்குச் சமம். இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தைக் கேன்டீன் சுவரிலும் நேரப் பதிவு இயந்திரத்தின் அருகிலும் ஒட்டுவதும், வடமாநிலத் தொழிலாளர் இருக்கும் இடத்தில் அவர்கள் மொழியிலும் வைப்பதும், தமிழில் கையால் எழுதிய புகாரையும் ஏற்பதும் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

தெரிவிக்கும் ஊழியர் கவனிக்க வேண்டியவை

குற்றத்தை நிரூபிப்பது ஊழியரின் வேலை அல்ல. நேர்மையான, நியாயமான ஐயம் இருந்தால் தெரிவிக்கலாம். விசாரணையில் அது தவறென்று தெரியவந்தாலும் நல்லெண்ணத்தோடு சொன்னவர் குற்றவாளி ஆகமாட்டார். திரும்பத் திரும்ப அற்பமான புகார்களைக் கொடுப்பவரைக் கண்டிப்பது உட்பட நடவடிக்கை எடுக்கத் தணிக்கைக் குழுவுக்கு விதியில் அதிகாரம் உண்டு என்பதால், பார்த்ததையும் கேள்விப்பட்டதையும் பிரித்து எழுதுவது நல்லது. தேதி, பில் எண், தொகை, உடனிருந்தவர் ஆகிய விவரங்கள் நீண்ட குற்றச்சாட்டுகளைவிடப் பயன்படும். தன் பணிக்கு வெளியே உள்ள கோப்புகளைத் திறந்து எடுப்பதும், நிறுவன ஆவணங்களைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவதும் பின்னாளில் அவருக்கு எதிராகவே திருப்பப்படலாம். ஆவணம் எங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்டினால் போதும். அனுப்பிய புகாரின் நகலையும், அதற்கு முன்னர் பெற்ற மதிப்பீட்டு அறிக்கைகளையும் வீட்டில் பத்திரப்படுத்த வேண்டும். பின்னர் தரம் இறக்கப்பட்டால் ஒப்பிட்டுக் காட்ட அவையே சான்று.

சம்பளக் குறைவு, பதவி உயர்வு போன்ற சொந்தக் குறைகள் இந்த ஏற்பாட்டுக்குள் வருவதில்லை. பாலியல் துன்புறுத்தலுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் அமைக்கப்பட வேண்டிய உள்ளகக் குழுவிடம் மூன்று மாதங்களுக்குள் புகார் தர வேண்டும்.

நிறுவனத்துக்கு வெளியிலும் சில வழிகள் உள்ளன. தனியார் வங்கிகளிலும் வெளிநாட்டு வங்கிகளிலும் பணிபுரிவோர் ரிசர்வ் வங்கிக்கே தெரிவிக்கும் திட்டம் 2007-இல் அறிவிக்கப்பட்டது. உட்தகவல் வர்த்தகம் பற்றிச் செபிக்கு நேரடியாகவோ வழக்கறிஞர் வழியாகவோ தகவல் தரலாம். மீட்கப்படும் தொகையில் 10 விழுக்காடு வரை வெகுமதி உண்டு. 2019-இல் ஒரு கோடி ரூபாயாக இருந்த அதன் உச்சவரம்பு 2021-இல் 10 கோடியாக உயர்த்தப்பட்டது. ஆண்டில் பெறப்பட்ட புகார்களைத் தணிக்கையாளர் கருத்தில் கொண்டாரா என்பதையும் 2020-ஆம் ஆண்டுத் தணிக்கை அறிக்கை ஆணை கேட்கிறது. ஆகவே பதிவேட்டில் ஏறிய புகாரை எளிதில் மறைத்துவிட முடியாது.

அரசுத் துறையில்

மத்திய அரசு அலுவலகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றில் நடக்கும் ஊழலைத் தெரிவிக்க மத்திய அரசின் 2004 ஏப்ரல் 21-ஆம் நாள் பொதுநல வெளிப்பாட்டுத் தீர்மானம் வழி செய்கிறது. அதன் பின்னால் ஓர் இளம் பொறியாளரின் மரணம் இருக்கிறது. தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய சத்யேந்திர துபே, தன் பெயரை ரகசியமாக வைக்குமாறு கேட்டிருந்தார். அந்தக் கடிதம் பெயருடன் அலுவலகம் அலுவலகமாகச் சென்றது. 2003 நவம்பர் 27 அன்று அவர் கயாவில் சுட்டுக்கொல்லப்பட்டார். அது வழிப்பறிக்காக நடந்த கொலை என்றே சிபிஐ வழக்கை முன்வைத்தது. என்றாலும் ரகசியம் கேட்டவரின் பெயர் காக்கப்படாதது நாடு முழுவதும் வேதனையை எழுப்பியது.

இத்தீர்மானத்தின்படி புகாரை மூடி ஒட்டிய உறையில், மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் செயலாளருக்கு அனுப்ப வேண்டும். பொதுநல வெளிப்பாட்டுத் தீர்மானத்தின் கீழான புகார் என்பதை உறையின் மேல் குறிப்பிட வேண்டும். அனுப்புநர் பெயரை உறையின் மேல் எழுதக் கூடாது. பெயரும் முகவரியும் கடிதத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ தனித்தாளிலோ இருக்க வேண்டும், ஏனெனில் பெயரில்லாத புகார் ஏற்கப்படாது. ஒப்புகை அனுப்பப்படாது, அதுவும் பெயரைக் காப்பதற்காகவே. அச்சுறுத்தல் இருந்தால் பாதுகாப்பு கேட்டு ஆணையத்துக்கு எழுதலாம். மாநில அரசு ஊழியர்களைப் பற்றிய புகார்கள் இதில் வராது.

இவற்றையெல்லாம் விரிவாக்கும் முறைகேடு வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் 2014 மே 9 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றும் இன்னும் அமலுக்கு வரவில்லை. பெயரை வெளியிடும் அதிகாரிக்கு 3 ஆண்டு வரை சிறை என்று அது சொல்கிறது. அதைவிட முக்கியமாக, எடுத்த நடவடிக்கை பழிவாங்கல் அல்ல என்று மெய்ப்பிக்கும் சுமையை அது நிர்வாகத்தின் மேல் வைக்கிறது. அச்சட்டம் பொது ஊழியர்களைப் பற்றிய புகார்களுக்கானது. ஆனால் அந்த விதியைத் தன் கொள்கையில் எழுதிக்கொள்ள எந்தத் தனியார் நிறுவனத்துக்கும் தடையில்லை. இப்படி எழுதலாம்: 'முறைகேட்டைத் தெரிவித்த ஊழியர் மீது இரண்டு ஆண்டுகளுக்குள் எடுக்கப்படும் எந்தப் பாதகமான நடவடிக்கையும், அதற்கு வேறு நியாயமான காரணம் உண்டென்று நிர்வாகம் தணிக்கைக் குழுவிடம் எழுத்துமூலம் நிறுவினால் ஒழிய, பழிவாங்கலாகவே கருதப்படும்.'