ஈரமும் காய்ந்ததும் ஒரே தொட்டியில் விழுந்தால்

அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ராத்ஜே என்ற தொல்லியலாளர் இருந்தார். பழங்கால நகரங்களின் குப்பைமேடுகளை ஆராய்வதுபோல, தன் காலத்து மக்களின் குப்பையை ஆராயும் வேலையை 1973-ல் தொடங்கினார். பிற்பாடு குப்பைக் கிடங்குகளிலேயே துளைபோட்டுத் தோண்டிப் பார்த்தார். பல பத்தாண்டுகளுக்கு முன் புதைந்த செய்தித்தாள்கள் எழுத்துக்கூட அழியாமல் வெளியே வந்தன. எந்த அடுக்கு எந்த ஆண்டில் கொட்டியது என்பதை அந்தத் தாள்களில் இருந்த தேதியை வைத்தே கணித்தார்கள்.

காகிதம் மக்கும் பொருள்தானே, ஏன் மக்கவில்லை? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் குப்பையைப் பற்றிப் பாதி விஷயம் புரிந்த மாதிரிதான்.

மக்குவது தானாக நடப்பதில்லை. பாக்டீரியாவும் பூஞ்சையும் ஒரு பொருளைத் தின்று செரிப்பதைத்தான் மக்குதல் என்கிறோம். அவற்றுக்குத் தீனி மட்டும் போதாது, ஈரம் வேண்டும். வேகமாக வேலை நடக்கக் காற்றும் வேண்டும். கிடங்கில் குப்பையைக் கொட்டி, கனரக வண்டியை ஏற்றி நசுக்கி, மேலே மண்ணைப் போட்டு மூடுகிறார்கள். உள்ளே இருக்கும் ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துபோகிறது. அதற்குப் பிறகு, காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள்தான் மிச்சம். ஈரமான காய்கறித் தோலை அவை மெல்ல மெல்லச் சிதைக்கும். ஈரம் எட்டாமல் இறுகிக் கிடக்கும் காகிதக் கட்டை ஏறக்குறைய தொடுவதே இல்லை.

இந்த நுண்ணுயிரிகள் வெளியிடும் வாயுவில் சுமார் பாதி மீத்தேன். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைப்போல சுமார் 28 மடங்கு வெப்பத்தை அது பிடித்துவைக்கிறது. இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கும் மேல். கிடங்குகள் தீப்பிடித்தால் எளிதில் அணையாமல் போவதற்கும் உள்ளே ஊறிக்கொண்டிருக்கும் இந்த வாயு ஒரு காரணம். இன்னொரு பக்கம், குப்பையின் ஈரமும் மழைநீரும் சேர்ந்து கறுப்பாகக் கீழே வடிகின்றன. சிதைவின்போது உண்டாகும் அமிலங்கள் பேட்டரியிலும் சாயத்திலும் இருக்கும் உலோகங்களைக் கரைத்து அந்தக் கசிவுநீரில் சேர்த்துவிடுகின்றன. அது நிலத்தடி நீரைத் தொடாமலிருக்கத்தான், முறையாகக் கட்டிய கிடங்கில் களிமண்ணும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் அடியில் பரப்பி, குழாய் வைத்துக் கசிவை வெளியே எடுக்கிறார்கள். வெறும் பள்ளத்தில் கொட்டும் இடத்தில் இதெல்லாம் கிடையாது.

அதே காய்கறித் தோல், காற்று புகும்படி குவித்துவைத்தால் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. நுண்ணுயிரிகள் பெருகும் வேகத்தில் குவியல் தானாகவே சூடேறி 55 முதல் 65 டிகிரி வரை போகும். அந்தச் சூடு சில நாள் நிலைத்தால் நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் செத்துவிடும். நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் 25 முதல் 30 பங்கு இருப்பது நல்ல அளவு. சமையலறைக் கழிவில் நைட்ரஜன் அதிகம். கார்பனுக்குச் சருகு, மரத்தூள், காகிதத் துண்டு சேர்க்க வேண்டும். அளவு தவறினால் மூக்கே சொல்லிவிடும். அமோனியா வாடை வந்தால் கார்பன் போதவில்லை. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போகவில்லை, கிளறிவிட வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வந்தால் ஈரம் சரி. உரம் முதிர்ந்ததும் மழை பெய்த மண்ணின் மணம் வரும். ஆக்டினோமைசீட்ஸ் என்ற பாக்டீரியா வகை உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள்தான் இரண்டிலும் நாம் முகர்வது.

சரி, காய்ந்த குப்பைக்கு வருவோம். பிரிப்பு ஆலைக்குள் முதலில் துளையிட்ட பெரிய உருளை சுழன்று, சிறியதையும் பெரியதையும் பிரிக்கிறது. இரும்பைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாதே? அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை நடக்கிறது. குப்பையை நகர்த்திச் செல்லும் பட்டையின் முனையில் காந்தங்கள் பதித்த உருளை ஒன்று அதிவேகமாகச் சுழல்கிறது. மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் அலுமினிய டப்பாவுக்குள் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அவை உண்டாக்கும் காந்தப்புலம் எதிர்த்துத் தள்ள, டப்பா துள்ளித் தனியாகப் போய் விழுகிறது. தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதை ஒப்பிட்டால், பழைய அலுமினியத்தை உருக்க 5 சதவீத ஆற்றல் போதும்.

பிளாஸ்டிக்கை அகச்சிவப்பு ஒளி பிரிக்கிறது. ஒவ்வொரு வகையும் அந்த ஒளியைத் தனக்கே உரிய விதத்தில் திருப்பி அனுப்பும். உணரி அதைப் படித்த மறுகணம் காற்றுப் பீச்சு அந்தத் துண்டை மட்டும் தள்ளிவிடும். கார்பன் தூள் சேர்த்த கறுப்பு பிளாஸ்டிக் ஒளி முழுவதையும் விழுங்கிவிடுவதால் பல உணரிகளுக்கு அது கண்ணிலேயே படாது. தண்ணீரும் உதவுகிறது: பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் மிதக்கும், தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) மூழ்கும். ஆனால் பிவிசியும் மூழ்கும் வகை. பெட்டை உருக்கும் சுமார் 260 டிகிரி சூட்டில் பிவிசி சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளியிட்டு, கூட இருக்கும் நல்ல பெட்டையும் கெடுத்துவிடும். கொஞ்சம் கலந்தாலே போதும்.

இவ்வளவு நுட்பமான இயந்திரங்களாலும், ஈரம் கலந்த குப்பையைச் சமாளிக்க முடிவதில்லை. குழம்பு ஊறிய காகிதத்தில் இழைகள் கெட்டுப்போகும். உணவு ஒட்டிய பிளாஸ்டிக்கை உணரி தவறாகப் படிக்கும். உரத்துக்குள் போன கண்ணாடிச் சில்லு அந்த உரத்தையே வயலுக்கு ஆகாததாக்கிவிடும். எரித்து மின்சாரம் எடுக்கலாம் என்றால், வரும் சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கலந்த பையைப் பிரித்துப் பார்ப்பவை மனிதக் கைகள். உடைந்த கண்ணாடியும் ஊசியும் முதலில் கிழிப்பது அவற்றைத்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

உலக வங்கி 2018-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2016-ல் உலக நகரங்கள் சேர்த்த குப்பை 201 கோடி டன். அதில் 44 சதவீதம் உணவும் இலைதழையும். மொத்தக் குப்பையில் உரமானதோ 5.5 சதவீதம்தான்.

பிரித்துப் போடும் யோசனை புதிதில்லை. பாரிஸில் யூஜின் புபெல் என்ற அதிகாரி 1883-லேயே, மக்குவதற்கு ஒன்று, காகிதத்துக்கும் துணிக்கும் ஒன்று, சிப்பி ஓட்டுக்கும் உடைந்த பாத்திரத்துக்கும் ஒன்று என மூன்று தொட்டி வைக்க ஆணையிட்டார். பிரெஞ்சு மொழியில் குப்பைத்தொட்டிக்கு இன்றும் அவர் பெயர்தான்.

காகிதத்தில் தொடங்கினோம். சுத்தமாகக் கிடைக்கும் காகிதத்தை ஐந்து முதல் ஏழு முறை வரை மறுபடி காகிதமாக்கலாம். ஒவ்வொரு முறையும் அதன் இழை குறுகிக்கொண்டே வரும். கடைசியில் தாளாகப் பின்ன முடியாத அளவுக்குக் குறுகிப்போன இழையை உரக்குவியலில் சேர்க்கலாம். அங்கே காய்கறித் தோலுக்குப் போதாத கார்பன் அதில் இருக்கிறது.