பொம்மை ஆபத்தானது என்று தெரிந்தால் தூக்கி எறியாதீர்கள்

போன ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கடையில் அக்கா பேத்திக்கு ஒரு பொம்மை போன் வாங்கினோம். பட்டனை அமுக்கினால் பாட்டு வரும். வீட்டுக்கு வந்த அரை மணி நேரத்தில் பின்மூடி கழன்று, பொத்தான் பேட்டரி மூன்றும் பாயில் கிடந்தன. மூடிக்கு ஸ்குரூவே இல்லை, நகத்தால் நெம்பினாலே திறந்துகொண்டது. பாப்பாவுக்கு ஒன்றரை வயது. கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகிற வயது.

பொத்தான் பேட்டரி தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்கவைக்காமல் நேராக எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அக்கா அந்தப் போனைக் குப்பையில் போடப் போனார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு பொம்மையில் மூடி கழன்றால், அதே கடையில் வாங்கிய மற்ற வீடுகளிலும் கழலும். அதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது, பொருள் கையில் இருந்தால்தான் அந்தச் சட்டத்தைப் பயன்படுத்த முடியும்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. பொருள் ஆபத்தானது என்று விசாரணையில் தெரிந்தால், விற்றதையெல்லாம் திரும்பப் பெறவும், வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி இந்த ஆணையம் உத்தரவிடலாம். கார் கம்பெனிகள் வண்டிகளைத் திரும்ப அழைப்பது நமக்குத் தெரியும். குக்கருக்கும் அது நடந்திருக்கிறது. தரச்சான்று இல்லாத பிரஷர் குக்கர்களை விற்கவிட்டதற்காக 2022-இல் அமேசான் தளத்துக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, அவற்றை வாங்கிய 2,265 பேருக்கும் தகவல் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் ஆணையம் உத்தரவிட்டது.

பொம்மைக்கு விதி இன்னும் தெளிவு. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவுபெற்ற கைவினைக் கலைஞர்களின் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. முத்திரைக்குக் கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்த முத்திரையைத் தரும் அரசு அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருளுக்கான உரிமம் என்று காட்டும். எண் இல்லாமல் முத்திரை மட்டும் அச்சடித்திருந்தால் நம்பாதீர்கள். எங்கள் போன் வந்த அட்டையில் ஒரு கரடிப் படம் இருந்தது, அவ்வளவுதான். முத்திரையும் இல்லை, செய்தவர் பெயரும் இல்லை.

ஏற்காட்டுக் குளிருக்குப் பக்கெட்டில் போடும் வாட்டர் ஹீட்டர் ராடுக்கும் இதே கவனம் வேண்டும். ஐ.எஸ்.ஐ. இல்லாத ராடு, கேஸ் அடுப்பு, தையல் மெஷின் போன்றவற்றை வாங்க வேண்டாம் என்று 2021 டிசம்பரிலேயே ஆணையம் எச்சரிக்கை வெளியிட்டது. மலிவு ராடில் இன்சுலேஷன் போனால் தண்ணீரிலேயே கரண்ட் பாயும்.

சரி, புகார் எங்கே கொடுப்பது? இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். வழி இரண்டு.

பொருள் ஊருக்கே ஆபத்து, விற்பனையை நிறுத்த வேண்டும் என்றால் மாவட்ட ஆட்சியரிடம் எழுத்தில் கொடுக்கலாம். 17-ஆவது பிரிவு அவருடைய பெயரையே சொல்கிறது. டெல்லிக்கு எழுத வேண்டியதில்லை, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் சேலம் ஆட்சியர் அலுவலகத்திலேயே மனுவாகக் கொடுக்கலாம். எங்கே, எப்போது, எவ்வளவுக்கு வாங்கியது, என்ன கோளாறு என்று எழுதி, பொருளையும் அட்டையையும் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து இணையுங்கள். பொருளைக் கொடுத்துவிடாதீர்கள். எப்படிப் புகார் செய்வது என்று கேட்க 1915 என்ற இலவச எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

குழந்தைக்குக் காயம், ஆஸ்பத்திரிச் செலவு என்றால் இழப்பீடு கேட்க மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போக வேண்டும். பொருளை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

“நான் செய்யலைங்க, வாங்கித்தான் விக்கறேன்” என்று கடைக்காரர் சொல்வார். செய்தவர் யார் என்றே தெரியாத பொருள் என்றால் 86-ஆவது பிரிவு விற்றவரையே பொறுப்பாக்குகிறது. பெயரில்லாப் பொம்மையை விற்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கடைசியாக, பில். பண்டிகைக் கடையில் பில் தரமாட்டார்கள், எங்களுக்கும் தரவில்லை. ஆனால் அக்கா 120 ரூபாயை ஜி.பே.யில்தான் கொடுத்திருந்தார். தேதி, நேரம், பணம் போன பெயர் மூன்றும் அவருடைய போனில் இருந்தன. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மனுவோடு இணைத்தோம்.