குங்கிலியப் பொடி ஏன் தீயாகச் சீறுகிறது?

மூதூரில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். அவருடைய உறவுக்காரர் வீட்டில் ஒரு பிள்ளைக்கு அடிக்கடி காய்ச்சல். இரவில் திடுக்கிட்டு எழும்பி அழுகிறாள். பார்வை பார்க்கிறவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் வேப்பிலையால் தடவி, தண்ணீர் ஓதிக் கொடுத்து, கடைசியில் ஒரு பந்தத்தைக் கொளுத்திக் குங்கிலியப் பொடியை அதில் எறிந்தாராம். முதல் இரண்டு தரமும் தீ முகட்டைத் தொடுமளவுக்குச் சீறியது. மூன்றாம் தரம் வெறும் புகை. "அடங்கிட்டுது" என்றார். வீட்டார் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

ஆசிரியையின் கேள்வி இது: "அதே குங்கிலியத்தைத்தான் வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் தணலில் போடுகிறோம். அது புகைகிறதே தவிர எரிவதில்லை. பந்தத்தில் மட்டும் ஏன் அப்படிச் சீறுகிறது? பொடியில் எதையாவது கலக்கிறார்களா?"

கலக்கத் தேவையே இல்லை. சுத்தமான குங்கிலியம் போதும். பேயும் மருந்தும் இல்லாமல், இடிப்பதால் மட்டுமே ஒரு பொருள் இப்படி மாறிவிடுகிறது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

முதலில் குங்கிலியம் என்ன என்று பார்த்துவிடுவோம். கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது எப்போதும் ஒரே மரத்தின் பிசின் அல்ல. இந்தியாவின் சால மரம், மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலிய மரம், இலங்கையின் ஈரவலயக் காடுகளுக்கே உரிய, சிங்களவர்கள் ஹல் என்று சொல்லும் மரம், இவை எல்லாம் நெருங்கிய சொந்தங்கள். இவற்றின் பிசின்தான் குங்கிலியமாகவும் சிங்களக் கடைகளில் தும்மலவாகவும் விற்கப்படுகிறது. சாம்பிராணி வேறு மரம். அதன் பெரும்பகுதி சுமாத்திராப் பக்கத்திலிருந்து வருவது. குந்துருக்கம் இன்னொரு மரம். திருகோணமலையின் பெயரையே உலக மரச் சந்தையில் தாங்கிய சாவண்டலை நமது உலர்காட்டில் நிற்கிறது, ஆனால் அது பலகைக்கும் வள்ளத்துக்கும்தான் பெயர்போனது. தூபத்துக்கு வேண்டியதெல்லாம் நமக்குத் தெற்கிலிருந்தோ கடல் கடந்தோ வந்து சேர்ந்ததுதான்.

மரம் பிசினை வடிப்பது தன் காயத்துக்காக. பட்டையில் பூச்சி துளைத்தாலோ கத்தி பட்டாலோ உள்ளிருந்து ஒட்டும் திரவம் ஊறி வந்து துளையை மூடும். அதிலிருக்கும் இலேசான எண்ணெய்கள் காற்றில் போய்விட, கனமான மூலக்கூறுகள் இறுகிக் கண்ணாடிபோல் ஆகிவிடும். ஒரு கட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மேலே மாப்படிந்ததுபோல் மங்கலாக இருக்கும். உடைத்தால் உள்ளே தேன் நிறம், உடைந்த முகம் வழுவழுப்பாகக் குழிந்து மின்னும். விரலுக்குள் வைத்து நசுக்கினால் மொறுமொறுவென்று தூளாகும், கொஞ்சம் தேய்த்தால் கைச் சூட்டிலேயே ஒட்டத் தொடங்கும். இந்த ஒட்டும் குணத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள், மூன்றாம் தரம் தீ ஏன் சீறவில்லை என்பதற்கு அது வேண்டும்.

அதன் மூலக்கூறுகளில் இருப்பது பெரும்பாலும் காபனும் ஐதரசனும். ஒட்சிசன் கொஞ்சம்தான். அதாவது குங்கிலியம் ஒரு நல்ல எரிபொருள். பெரிய புராணத்தில் குங்கிலியக்கலயர் மனைவியின் தாலியைக் கொடுத்து ஒரு பொதி குங்கிலியம் வாங்கினார் என்று படிக்கிறோம். அவர் வாங்கியது அடுப்பெரிக்கவும் உதவியிருக்கும்.

சரி, எரிபொருள் என்றால் தணலில் ஏன் எரியவில்லை?

சிரட்டைக் கரித் தணலில் கட்டியை வைத்ததும் அது முதலில் உருகும். உருகிய இடத்தில் தணல் சற்றுக் குளிரும். பிசின் ஆவியாகி மேலே எழும்பும். அந்த ஆவி பற்றுவதற்கு அதைப் போதுமான சூட்டில் சந்திக்க ஒரு சுவாலை வேண்டும். தணலில் சுவாலை இல்லை. மேலே போன ஆவி குளிர்ந்த காற்றில் பட்டு மிக நுண்ணிய துளிகளாக உறைகிறது. நாம் புகை என்று சொல்வது அந்தத் துளிக் கூட்டத்தைத்தான். கவனித்துப் பார்த்தால் தணலை ஒட்டிய புகை இழை மெல்லிய நீலமாகத் தெரியும், அரை முழம் மேலே போனதும் வெள்ளையாகிவிடும். துளிகள் மிகச் சிறியதாக இருக்கையில் நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கின்றன, ஒன்றோடொன்று சேர்ந்து பருத்ததும் எல்லா நிறத்தையும் சமமாகச் சிதறடிக்கின்றன. நவராத்திரிக் காலத்தில் கும்பம் வைக்கும் கொட்டகையான கும்பத்து மாலுக்குள் தூபம் காட்டும்போது மின்விளக்குக்கு எதிரே நின்று பாருங்கள், நன்றாகத் தெரியும். தூபக்காலைப் பலமாக விசிறினால் சில வேளை பக்கென்று புகையே தீப்பற்றுவதையும் கண்டிருப்பீர்கள். சூடும் ஒட்சிசனும் ஒரு கணம் பொருந்திவிட்டன, அவ்வளவுதான்.

நாவூறு கழிக்கும்போது செத்தல் மிளகாய் கமறுவதும் இதே கதைதான். மிளகாயின் காரப் பொருள் தணலில் ஆவியாகி வந்தால் வீடே இருமும். நன்றாகச் சுவாலை விட்டெரியும் அடுப்பில் போட்டால் அந்தக் காரமே எரிந்து காபனீரொட்சைட்டும் நீராவியுமாகப் போய்விடும், கமறாது. "கமறேல்லை, அப்ப நாவூறு இருந்திருக்கு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அடுப்பு நன்றாக எரிந்திருக்கிறது என்றுதான் நான் சொல்வேன்.

இனிப் பொடிக்கு வருவோம்.

எந்தத் திண்மப் பொருளும் தன் மேற்பரப்பில்தான் எரியும். உள்ளே இருக்கும் பகுதிக்கு ஒட்சிசன் கிடைக்காது. ஆகவே எவ்வளவு பொருள் என்பதைவிட எவ்வளவு மேற்பரப்பு என்பதே எரியும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள குங்கிலியக் கனக்குற்றியை எடுத்துக்கொள்ளுங்கள். நிறை ஏறத்தாழ ஒரு கிராம். ஆறு முகங்கள், மொத்த மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். இதை ஒவ்வொரு பக்கமும் 0.1 மில்லிமீற்றராக வரும்வரை வெட்டினால் பத்து இலட்சம் துணுக்குகள் கிடைக்கும். மொத்த மேற்பரப்பு 600 சதுர சென்ரிமீற்றர் ஆகிவிடும். அந்த ஒரு கிராம் இப்போது ஏறத்தாழ ஓர் ஏ4 தாளின் பரப்பளவுக்குக் காற்றோடு முகம் பார்க்கிறது. இன்னும் மாவாக, 0.01 மில்லிமீற்றருக்கு இடித்தால் 6,000 சதுர சென்ரிமீற்றர். ஒரு துளி பொருளும் சேர்க்கவில்லை, உலக்கை மட்டும்தான் வேலை செய்தது.

இதோடு இன்னொன்றும் நடக்கிறது, அது இன்னும் அழகு. ஒரு துணுக்கு முழுவதும் சூடேற எடுக்கும் நேரம் அதன் பருமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. பத்து மடங்கு சிறிதென்றால் நூறு மடங்கு வேகம். நூறு மடங்கு சிறிதென்றால் பத்தாயிரம் மடங்கு. ஒரு சென்ரிமீற்றர்க் கட்டியின் நடுவுக்குச் சூடு போய்ச்சேர நிமிடக்கணக்கு எடுக்கும். 0.1 மில்லிமீற்றர்த் துணுக்குக்கு நூறில் இரண்டு மூன்று பங்கு செக்கன் போதும். பந்தத்தின் சுவாலையைக் கடக்கிற அந்த இமைப்பொழுதுக்குள் துணுக்கு உருகி, ஆவியாகி, ஆவி பற்றியும் விடுகிறது.

பற்றிய துணுக்கு தன் அயலில் மிதக்கும் துணுக்கைச் சூடேற்றுகிறது. அது பற்றி அடுத்ததை. இப்படித் தீ துணுக்குக்குத் துணுக்கு தாவி முழுத் தூசு மேகத்தையும் ஒரே மூச்சில் கடந்துவிடும். ஆனால் துணுக்குகளுக்கிடையே சரியான இடைவெளி வேண்டும். மிக ஐதாக இருந்தால் ஒன்றின் சூடு மற்றதை எட்டாது. மிக நெருக்கமாக இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒட்சிசன் போதாது. இத்தகைய சேதனத் தூசுகளுக்குத் தீ தாவத் தேவையான ஆகக்குறைந்த செறிவு ஒரு கன மீற்றர்க் காற்றுக்குச் சில பத்துக் கிராம் என்ற அளவில் இருக்கும். இந்தச் செறிவைக் கண்டுபிடிப்பது பார்வை பார்க்கிறவரின் கை. அவர் பொடியைச் சுவாலையின் மேல் கொட்டுவதில்லை. விரல்களை விரித்துக் குறுக்கே விசிறுகிறார். பொடி அவருடைய கையை விட்டதும் விசிறிபோல் பரந்து, பரந்தபடியே சுவாலையைக் கடக்கும். தென்னிலங்கைத் தொவில் சடங்குகளில் ஆட்டக்காரர் சுழன்றபடி பந்தத்தில் தும்மல எறிவதைப் பார்த்திருந்தால் அந்த மணிக்கட்டு அசைவு எவ்வளவு பழகியது என்று தெரியும். அந்தக் கைத்திறனை நான் மனமார மதிக்கிறேன்.

தீக்கோளம் ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? ஒரு கிராம் பிசின் முழுதாக எரிய ஏறத்தாழ 10 லீற்றர்க் காற்று வேண்டும். எரிந்து சூடான வாயு ஐந்தாறு மடங்கு விரியும். அப்படியானால் 50, 60 லீற்றர், அதாவது விட்டம் ஏறத்தாழ அரை மீற்றர் வரும் ஒரு கோளம். அதுவும் ஒரு கிராமுக்கு. கைப்பிடியில் எத்தனை கிராம் இருக்கும் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். நிறம் செம்மஞ்சளாக இருப்பது முழுதாக எரியாத காபன் கரித்துகள்கள் சூட்டில் ஒளிர்வதால்.

இந்தத் தத்துவத்தால் மனிதன் இயந்திரமும் ஓட்டியிருக்கிறான். பிரான்சின் நியெப்ஸ் சகோதரர்கள் 1807 இல் உரிமம் பெற்ற உள்ளெரி இயந்திரம் ஒன்று, இலைக்கோபோடியம் என்ற தாவரத்தின் வித்தித் தூளையும் நிலக்கரித் தூளையும் பிசினையும் எரித்து ஓடியது. அதைப் பூட்டிய படகை சோன் ஆற்றில் நீரோட்டத்துக்கு எதிராக ஓட்டிக் காட்டினார்கள். அந்தச் சகோதரர்களில் இளையவர்தான் பின்னர் உலகின் முதல் ஒளிப்படத்தை எடுத்தவர். பெற்றோல் இயந்திரத்துக்கு முன்பே பிசின் தூள் வந்துவிட்டது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

சடங்கில் தீ சீறியதோடு நின்றுவிடுவதற்குக் காரணம் திறந்த இடம். விரிந்த வாயு வெளியே போய்விடுகிறது. மூடிய இடத்தில் அதே விரிவு சுவரைத் தள்ளும். 1878 இல் அமெரிக்காவின் மினியாபொலிசில் ஒரு மாவாலை கோதுமைத் தூசு பற்றி வெடித்து 18 பேர் இறந்தார்கள். 2008 இல் ஜோர்ஜியா மாநிலத்துச் சீனி ஆலையில் சீனித் தூசு, 14 பேர். சீனக்குடாவில் இருப்பதுபோன்ற பெரிய மாவாலை எங்கே இருந்தாலும் அங்குள்ள பொறியியலாளர்கள் தூசு சேராமல் பார்ப்பதை முதல் வேலையாக வைத்திருப்பது இதனால்தான். 2015 இல் தாய்வான் கேளிக்கைப் பூங்கா ஒன்றில் ஆடிக்கொண்டிருந்த கூட்டத்தின் மேல் வண்ணம் கலந்த சோள மாவைத் தூவினார்கள். மேகம் பற்றியது. 15 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் எரிகாயத்தோடு தப்பினார்கள். திறந்த வெளியிலும் ஆட்கள் மேகத்துக்கு உள்ளே இருந்தால் இதுதான் நிலைமை. கிடுகுக் கூரையின் கீழ், நைலோன் துணி போர்த்திய பிள்ளைக்குப் பக்கத்தில் பந்தம் பிடிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இனி மூன்றாம் தரம். குங்கிலியம் கைச் சூட்டிலேயே இளகும் என்று சொன்னேன் அல்லவா? பொடியைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தால், பந்தத்துக்குப் பக்கத்தில் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்தால், துணுக்குகள் ஒட்டிக் குருணையாகிவிடும். நமது வைகாசி, ஆனி வெக்கையில் சொல்லவே வேண்டாம். குருணை சுவாலையைக் கடந்து போய்விடும், அல்லது பந்தத் துணியில் விழுந்து புகையும். ஆகவே கடைசிப் பிடி சீறாமல் போவது மிகச் சாதாரணம். அந்த வீட்டில் அன்று இதில் எது நடந்தது என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. பிள்ளையின் உடம்பில் இருந்த எதுவும் அந்தப் பந்தத்துக்குத் தெரியாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

பார்வை பார்ப்பதை நான் பழிக்க வரவில்லை. பயந்த பிள்ளைக்கு ஒரு பெரியவர் பக்கத்தில் அமர்ந்து தலையைத் தடவுவது ஆறுதல்தான். ஆனால் அடிக்கடி வரும் காய்ச்சலுக்கு இரத்தம் சோதிக்க வேண்டும். வாடைக்காற்று மழைக்குப் பின் இங்கே டெங்கு எப்படிப் பரவுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். பந்தத்தின் தீர்ப்பை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவதை இரண்டு நாள் தள்ளிப்போட்டால் அந்த இரண்டு நாளில் உயிரே போகலாம். மூச்சிரைப்பு உள்ள பிள்ளையை மூடிய அறையில் வைத்துத் தூபம் போடுவதும் கெடுதல். பிசின் புகையின் நுண்துளிகள் நுரையீரலின் அடிவரை போகக்கூடியவை.

எனக்கு இருக்கும் ஆதங்கம் வேறொன்று. 2008 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, குந்துருக்கத்தில் உள்ள ஒரு சேர்வை எலிகளின் மூளையில் வேலைசெய்து பதற்றத்தைக் குறைப்பதாகக் காட்டியது. நம் நாட்டின் ஹல் மரப் பிசினுக்கும் அப்படிப்பட்ட கவனம் கிடைக்க வேண்டும். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது, அங்கே சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். தூபம், புகை, பிசின் எல்லாம் அவர்களுடைய பாடத்துக்குப் பக்கத்தில் இருப்பவை. ஆனால் இந்த நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதம். ஒரு வீட்டுத் தூபம் எவ்வளவு நுண்துகளை விடுகிறது என்று அளக்கும் கருவிக்குப் பெரிய காசு தேவையில்லை. அந்தக் காசைக் கேட்டுப் பெறுவதற்கு நமது பிரதிநிதிகள் குரல் கொடுத்தால் நல்லது.

கடைசியாக, ஆசிரியை வகுப்பில் இதைச் செய்துகாட்டலாமா என்று கேட்டிருந்தார். குங்கிலியப் பொடியை வகுப்பறைக்குக் கொண்டுபோக வேண்டாம். அதற்குப் பதில் ஓர் இரும்பாணியையும், சவர்க்காரம் சேர்க்காத மெல்லிய இரும்புக் கம்பி நாரையும் எடுங்கள். ஆணியைச் சுவாலையில் பிடித்தால் சிவக்கும், எரியாது. நாரை இடுக்கியால் பிடித்து, கீழே ஒரு மண்சட்டி வைத்துக் கொளுத்தினால் பொறி ஓடி ஓடி எரியும். இரண்டும் ஒரே இரும்பு, மேற்பரப்புத்தான் வேறு. கொளுத்துவதற்கு முன்னும் பின்னும் நாரை நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எரிந்த பின் நிறை கூடியிருக்கும். ஏன் கூடியது என்ற கேள்வியைச் சாதாரணதர மாணவர்களிடமே விடலாம், ஒட்சிசனைப் படித்தவர்கள் பதில் சொல்லிவிடுவார்கள்.