சொல் விளக்கம்: ‘ஹிடன் மதர்’ – மறைதாய்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஸ்டுடியோவில் எடுத்த குழந்தைப் படங்களில் ஒரு வகைக்கு ‘ஹிடன் மதர்’ என்று பெயர். படத்தில் குழந்தை மட்டும் தெரிய வேண்டும். அதைப் பிடித்திருக்கும் தாய் துணியால் தன்னை மூடிக்கொண்டோ, நாற்காலிக்குப் பின்னால் குனிந்தோ இருப்பார். ஸ்டுடியோக்காரர்கள் வைத்த பெயரல்ல இது. பழைய படங்களைச் சேகரிப்பவர்கள் பிற்காலத்தில் வழக்குக்குக் கொண்டுவந்தது.

1851இல் பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில் (கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காயுமுன் படம் எடுப்பது), ஸ்டுடியோ வெளிச்சத்தில் சில விநாடிகளாவது ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். பெரியவர்களின் தலையை நிறுத்த இரும்புத் தாங்கி உண்டு. கைக்குழந்தைக்குத் தாயின் கைதான். உற்றுப் பார்த்தால் பூப்போட்ட திரைத்துணிக்கு அடியில் முழங்கால் புடைத்திருப்பதும், குழந்தையின் இடுப்பை ஒட்டி இரண்டு விரல்கள் நீட்டியிருப்பதும் தெரியும். நீள்வட்டச் சட்டம் போட்டு ஓரங்களை மறைத்துவிட்டால் துணி கண்ணில் படாது.

தாயும் பிள்ளையுமாகவே எடுத்திருக்கலாமே? அப்படியும் எடுத்தார்கள். ஆனால் தனிப்படத்தின் மதிப்பு வேறு. 1850களில் வந்த டின்டைப் (மெல்லிய இரும்புத் தகட்டில் பதிவது), கார்ட் டி விசிட் (சிறிய அட்டையில் ஒட்டிய காகிதப் படம்) படங்கள் மலிவானவை. எளிய குடும்பங்களுக்கும் எட்டின. இங்கிலாந்தில் பிறந்த 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 150 பேர் ஒரு வயதைத் தாண்டாத காலம் அது. நடக்கக்கூடத் தெரியாத பிள்ளைக்கு வீட்டு ஆல்பத்தில் தனி இடம் கொடுத்தது, அதையும் ஓர் ஆளாக மதித்ததன் அடையாளம் என்றே நான் கருதுகிறேன்.

இவற்றை இறந்த குழந்தைகளின் படங்கள் என்று பலர் பரப்புகிறார்கள். அது தவறு. குழந்தை துறுதுறுவென்று அசைந்ததால்தான் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. இறந்த குழந்தைகளையும் அந்நாளில் படம் எடுத்தார்கள். அது வேறு வகை.

தமிழில் ‘மறைந்த தாய்’ என்று எழுதக் கூடாது. இறந்துபோன தாய் என்று பொருள்பட்டு, அதே தவறான நம்பிக்கைக்குத் துணைபோகும். ‘மறைந்திருக்கும் தாய்’ சரி. கலைச்சொல்லாகச் சுருக்க ‘மறைதாய்’ பொருந்தும். வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது. மிகுந்தால் ‘நீ மறைத்தாய்’ என்றாகிவிடும். துணிக்குள் இருந்தவர் தாதியாகவோ தந்தையாகவோகூட இருக்கலாம் என்பதால், படக்குறிப்பில் ‘மறைதாய் வகைப் படம்’ என்று போடுவதே பொருத்தம்.

1880களில் உலர்தகடு (முன்கூட்டியே ரசாயனம் பூசி உலர்த்திய கண்ணாடித் தகடு) பரவி, படம் பதியும் நேரம் வெகுவாகக் குறைந்தது. அதன்பின் இந்த வழக்கமும் மெல்ல அருகியது.