பூச்சரத்தின் மொட்டுகள் எங்கே போயின?

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு, நாலாம் மாடியில் இருக்கிறது. சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை அங்கே ஒரு சண்டை நடந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு படத்தின் இரண்டு புளூ-ரே இறுவட்டுகள் தம்பியிடம் இருந்தன. ஒன்று சென்னையில் வாங்கியது, மற்றையது லண்டனில் இருக்கும் சித்தி அனுப்பியது. கதாநாயகி முதுகைக் காட்டி நின்று மெல்லத் திரும்பும் காட்சியில் தம்பி லண்டன் இறுவட்டை நிறுத்தினான். திரை முழுவதும் நுண்மணலைத் தூவியது போல இருந்தது. "பாருங்கள் மாமா, இவ்வளவு காசு கொடுத்தும் அழுக்குப் போகவில்லை" என்றான். பிறகு சென்னை இறுவட்டைப் போட்டு அதே இடத்தில் நிறுத்தினான். படம் கண்ணாடி மாதிரி இருந்தது.

மாமா முப்பது வருடம் கொழும்புத் தியேட்டர்களில் ஒப்பரேட்டராக இருந்தவர். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்க் கதாநாயகியின் கொண்டையில் விரலை வைத்தார். "இந்தப் பூச்சரத்தில் மொட்டு எங்கே?" மல்லிகைச் சரம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் துணியைச் சுற்றியது போல ஒரு பட்டை மட்டுமே இருந்தது. லண்டன் இறுவட்டை மறுபடி போடச் சொன்னார். "நிறுத்தாதே, ஓடவிடு" என்றார். ஓடவிட்டபோது மொட்டுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

இரண்டு இறுவட்டிலும் படத்தை ஆக்கும் புள்ளிகளான பிக்சல்களின் எண்ணிக்கை ஒன்றுதான். ஓடும் படத்தின் ஒற்றைப் படமான ஒரு பிரேமில் 1920 × 1080, அதாவது ஏறத்தாழ 20 இலட்சம். அட்டையில் அச்சிட்டிருந்த விவரங்களும் ஒன்றுதான். அப்படியிருக்க மொட்டுகள் எங்கே போயின? அன்றிரவு தம்பிக்கு விளக்கிச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

இறுவட்டின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் சுருள் பாதையில் வரிசையாகப் பதிந்திருக்கின்றன. லேசர் ஒளி அவற்றின்மேல் பட்டுத் திரும்பும் விதத்தை வைத்துக் கருவி தரவைப் படிக்கிறது. ஒளியின் அலைநீளம் குறையக் குறைய இன்னும் சிறிய பள்ளத்தைப் படிக்க முடியும். சீடி 780 நனோமீற்றர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசரால் படிக்கப்படுகிறது, டிவிடி 650 நனோமீற்றர் சிவப்பு லேசரால், புளூ-ரே 405 நனோமீற்றர் நீலஊதா லேசரால். அதனால்தான் ஒரே அளவான தட்டில் டிவிடியின் ஓர் அடுக்கு 4.7 கிகாபைட் கொள்கிறது, புளூ-ரேயின் ஓர் அடுக்கு 25 கிகாபைட் கொள்கிறது. இவ்வளவு இடம் இருந்தும் படத்தை அப்படியே வைக்கப் போதாது. சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். நம் ஊர்த் தொலைக்காட்சியின் பால் (PAL) முறையில் டிவிடியின் ஒரு பிரேமில் 720 × 576 பிக்சல்கள். வினாடிக்கு 25 பிரேம்கள். சுருக்காமல் வைத்தால் ஒரு வினாடிப் படத்துக்கு ஏறத்தாழ 12.4 கோடி பிட் வேண்டும். பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒற்றைக் குறி. டிவிடி படத்துக்குக் கொடுக்கக்கூடிய உச்ச வேகமோ வினாடிக்கு 98 இலட்சம் பிட் மட்டுமே. ஆகவே பன்னிரண்டு பங்கில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு மிச்சத்தை வீசியாக வேண்டும். எதை வீசுவது?

எங்கள் வீட்டு யன்னலில் நின்று பார்த்தால் இதன் விடை தெரியும். கீழே தண்டவாளம், அதற்கப்பால் கறுத்த பாறைகள், பிறகு கடல். இந்தக் காட்சியை அசையாத கேமராவில் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தண்டவாளமும் பாறையும் மாறுவதில்லை, அவற்றை ஒரு தடவை விவரித்துவிட்டு அடுத்த பிரேம்களில் "முன்பு போலவே" என்று குறித்தால் போதும். கோட்டைக்குப் போகும் ரயில் வருகிறது. அதன் பெட்டிகளைத் திரும்பத் திரும்ப வரைய வேண்டியதில்லை, "அந்தத் துண்டு இத்தனை பிக்சல் வலப்பக்கம் நகர்ந்தது" என்று எழுதினால் முடிந்தது. வீடியோச் சுருக்கத்தின் பெரும்பகுதி இந்தத் தந்திரம்தான். அரை வினாடிக்கு ஒரு முறை முழுப் பிரேம் ஒன்று வரும், இடையில் வருபவை எல்லாம் மாற்றத்தை மட்டும் சொல்லும் குறிப்புகள்.

பாறையில் மோதித் தெறிக்கும் நுரைக்கு இந்தத் தந்திரம் பலிக்காது. ஒவ்வொரு பிரேமிலும் அது புதிது. முந்திய பிரேமைப் பார்த்து அதை ஊகிக்க வழியில்லை. சுருக்கியின் கையில் இருக்கும் பிட் எல்லாவற்றையும் நுரை தின்றுவிடும். பிட் தீர்ந்துபோனால் என்ன நடக்கும்? டிவிடி படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குள் உள்ள மெல்லிய வேறுபாடுகளை முதலில் கைவிடும். அப்போதும் போதாவிட்டால் கட்டத்தின் சராசரி நிறத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். மழைக் காட்சியிலும் சண்டைக் காட்சியிலும் திரை சதுரம் சதுரமாக உடைவது இதனால்தான்.

புறக்கோட்டையிலும் எங்கள் காலி வீதிக் கடைகளிலும் ஒரு காலத்தில் மூன்று படங்களை ஒரே டிவிடியில் போட்டு விற்றார்கள். எல்லோர் வீட்டிலும் இருந்தன, எங்கள் வீட்டிலும் ஓர் அட்டைப்பெட்டி நிறைய இருந்தது. அதன் கணக்கையும் தம்பிக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டரை மணி நேரப் படம் மூன்று என்றால் 27,000 வினாடி. 4.7 கிகாபைட் என்பது 3,760 கோடி பிட். வகுத்தால் படமும் ஒலியும் சேர்ந்து வினாடிக்குச் சுமார் 13.9 இலட்சம் பிட் கிடைக்கிறது. இனி விசிடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் படத்துக்கு வினாடிக்கு 11.5 இலட்சம், ஒலிக்கு 2.24 இலட்சம், கூட்டினால் சுமார் 13.7 இலட்சம். இரண்டும் ஒன்றுதான்! டிவிடி என்று வாங்கினோம், கிடைத்தது விசிடியின் பிட். விசிடி அந்தப் பிட்டை 352 × 288 என்ற சிறிய பிரேமில் பரப்பியது, டிவிடியின் முழுப் பிரேம் அதைப்போல நான்கு மடங்கு பெரியது. ஒரு தேக்கரண்டி வெண்ணெயை நான்கு மடங்கு பெரிய ரொட்டியில் பூசிய கதை. அந்த டிவிடியில் சண்டைக் காட்சி விசிடியைவிட மோசமாகத் தெரிந்தால் அது உங்கள் கண்ணின் பிழையாகாது.

கொப்பி எடுத்தால் தரம் குறையும் என்று கசெட் காலத்திலிருந்தே நம்புகிறோம். வீடியோ டெக்கில் அது உண்மை, ஒவ்வொரு கொப்பியிலும் இரைச்சல் கூடியது. இறுவட்டில் பிட்டுக்குப் பிட்டாக எடுத்த கொப்பிக்கும் மூலத்துக்கும் எள்ளளவும் வேறுபாடில்லை. கீறல் விழுந்த இறுவட்டும் மங்கலாகத் தெரியாது. பிழைதிருத்தக் குறியீடு தாங்கும்வரை படம் அப்படியே இருக்கும், தாங்காத இடத்தில் உறைந்து நிற்கும் அல்லது உடையும். கடைக் கொப்பிகள் தரம் இழந்தது வேறு காரணத்தால். மூல இறுவட்டு இரட்டை அடுக்கு, 8.5 கிகாபைட். வெற்று டிவிடியோ 4.7. ஏறத்தாழ பாதியைப் பிழிந்தெடுத்தால்தான் உள்ளே போகும்.

புளூ-ரேயில் இந்தப் பஞ்சம் பெருமளவு தீர்ந்துவிட்டது. படத்துக்கு மட்டும் வினாடிக்கு 4 கோடி பிட் வரை கொடுக்கலாம், சுருக்கும் முறையும் டிவிடியுடையதைவிடத் திறமையானது. ஆகவே சென்னை இறுவட்டின் பூச்சரம் பிட் இல்லாமல் அழியவில்லை. யாரோ வேண்டுமென்றே அழித்திருக்கிறார்கள்.

பிலிமின் மேல் பூசியிருப்பது வெள்ளி உப்பின் நுண்படிகங்கள். பெரிதும் சிறிதுமாக, எந்த ஒழுங்கும் இல்லாமல் சிதறிக் கிடக்கும். ஒளி பட்ட படிகங்களே கழுவும்போது படமாகின்றன. வண்ண பிலிமில் வெள்ளியை நீக்கிவிடுவார்கள், அந்தப் படிகங்கள் இருந்த இடத்தில் சாயப் புள்ளிகள் நிற்கும். தம்பி அழுக்கு என்று சொன்ன அந்த மணல் இதுதான். முகமும் புடவையும் மல்லிகையும் அந்த மணலால்தான் ஆனவை, அதை எடுத்துவிட்டால் அடியில் வேறொரு சுத்தமான படம் ஒளிந்திருக்கவில்லை. இருட்டில் எடுக்கப் பயன்படும் வேகமான பிலிமில் படிகங்கள் பெரியவை, அதனால் இரவுக் காட்சிகளில் மணல் கூடுதலாகத் தெரியும்.

ஒவ்வொரு பிரேமிலும் படிகங்களின் இடம் வேறு. ஒரு மொட்டின் விளிம்பை முதல் பிரேமில் சில துகள்கள் பதிவு செய்கின்றன, அடுத்த பிரேமில் அதே விளிம்பைச் சற்றுத் தள்ளி வேறு துகள்கள் பதிவு செய்கின்றன. வினாடிக்கு 24 பிரேம்கள் ஓடும்போது நம் கண் அடுத்தடுத்த சிலவற்றைச் சேர்த்தே பார்க்கிறது. சேர்க்கும்போது துகள்களின் தாறுமாறு ஒன்றையொன்று சமன் செய்துகொள்ள, எல்லாப் பிரேமுக்கும் பொதுவான விளிம்பு எஞ்சுகிறது. ஓடும் பிலிமில் எந்தத் தனிப் பிரேமிலும் இல்லாத நுணுக்கம் தெரிவது இதனால். மாமா இந்தக் கணக்கு எதையும் படித்தவர் அல்லர். முப்பது வருடம் படம் ஓட்டிய கண் அதை அறிந்து வைத்திருந்தது.

இரைச்சல் நீக்கும் மென்பொருளும் இதையே செய்யப் பார்க்கிறது, ஆனால் அதற்குக் கண்ணின் நிதானம் இல்லை. பக்கத்துப் பிரேம்களை ஒப்பிட்டு, தாறுமாறாக மாறுவதெல்லாம் இரைச்சல் என்று முடிவு கட்டுகிறது. மெல்லிய அளவில் வேறுபடும் பிக்சல்களை ஒன்றாக்கி மழுக்குகிறது. தோலின் துவாரம், பட்டுச் சேலையின் இழை, மொட்டுக்கும் மொட்டுக்கும் நடுவே உள்ள சின்ன நிழல் எல்லாம் துகள்களின் அளவிலேயே இருக்கும் மெல்லிய வேறுபாடுகள். மென்பொருளுக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. அளவாகப் போட்டால் பாதகமில்லை, அழுத்திப் போட்டால் முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும். மழுங்கிய படம் கூர்மையாகத் தெரிய வேண்டும் என்று அதன்மேல் விளிம்புகளைத் தடிப்பாக்கும் வேலையையும் செய்கிறார்கள். சென்னை இறுவட்டில் கதாநாயகியின் தோளைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. எந்தக் கேமராவும் அந்தக் கோட்டைப் பார்த்திருக்காது.

துகள்களை அழிப்பதில் பணமும் இருக்கிறது. துகள் கடல்நுரையைப் போன்றது, ஊகிக்க முடியாதது, பிட்டைத் தின்பது. அழித்துவிட்டால் படம் சின்னக் கோப்பில் அடங்கும். வாங்குபவரும் "சுத்தமாக இருக்கிறது" என்று மகிழ்வார். இது எனக்கு ஆத்திரமூட்டுகிறது. ஓர் ஒளிப்பதிவாளர் எந்த பிலிமைப் பயன்படுத்துவது, எவ்வளவு ஒளி வைப்பது என்று யோசித்துச் செய்ததை, நாற்பது வருடத்துக்குப் பிறகு யாரோ ஒரு பொத்தானை அழுத்தித் துடைத்துவிடுகிறார்கள்.

இனி மூலம். இறுவட்டு எதிலிருந்து செய்யப்பட்டது என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி. கேமராவுக்குள் ஓடிய நெகட்டிவில் இருக்கும் நுணுக்கம், அதிலிருந்து படிப்படியாக எடுத்துத் தியேட்டருக்கு வரும் பிரிண்டில் இருக்காது. பிரிண்டிலிருந்து செய்த இறுவட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அட்டைப்பெட்டியிலிருந்து பழைய டிவிடி ஒன்றைப் போட்டபோது, சிறிது நேரம் கழித்துத் திரையின் வலப்பக்க மேல்மூலையில் ஒரு வட்டப் புள்ளி கணப்பொழுது மின்னி மறைந்தது. மாமாவின் வலக்கை தானாக எழுந்தது. சில வினாடிகளில் இரண்டாவது புள்ளி வந்தபோது அந்தக் கை இல்லாத கைப்பிடி ஒன்றை இழுத்தது. றீல் மாற்றும் அடையாளம் அது. முதல் புள்ளி அடுத்த புரொஜெக்டரின் மோட்டாரை ஓடவிடச் சொல்கிறது, இரண்டாவது ஒளியை அங்கே மாற்றச் சொல்கிறது. "இது தியேட்டர் கொப்பி" என்றார். அந்த டிவிடியின் சிவந்த நிறத்துக்கும் அதுவே காரணம். அக்கால வண்ணப் பிரிண்டுகளில் மயில்நீலச் சாயம் முதலில் வெளிறும், மிஞ்சுவது சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம்.

அகலத் திரைப் படங்களுக்கு இன்னொரு கேடு நேர்ந்தது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ராஜ ராஜ சோழன். அந்த அகலத்தைப் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் 4:3 திரை நிறையும்படி வெட்டினால் படத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் வெளியே போய்விடும். எதிரும் புதிருமாக நின்று பேசும் இருவரில் ஒருவரின் மூக்கு மட்டும் ஓரத்தில் தெரிவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

சங்கீத ஆசிரியையான மாமி சமையலறையிலிருந்தே ஒரு குறை சொன்னார். டிவிடியில் பாட்டின் சுருதி ஏறியிருக்கிறது என்றார். அவர் சொன்னது சரி. பிலிம் வினாடிக்கு 24 பிரேம், பால் முறை 25. பெரும்பாலும் படத்தைச் சற்று வேகமாக ஓட்டியே இதைச் சமாளித்தார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியைத் திருத்தாமல் விட்டால், அடுத்தடுத்த இரண்டு சுரத்தானங்களுக்கு இடையே உள்ள தூரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஏழு பங்கு அது உயரும். புளூ-ரே 24 பிரேமையே வைத்துக்கொள்வதால் அதில் இந்தக் குறை இல்லை.

கடைசியாகத் தம்பி தன் பெட்டியின் அமைப்புகளைத் திறந்தான். புதுப் பெட்டிகள் கடையின் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகக் கூர்மையைக் கூட்டி, இரைச்சல் நீக்கத்தைப் போட்டு, பிரேம்களுக்கு இடையே பொய்ப் பிரேம்களைச் செருகும் வசதியையும் போட்டே அனுப்புகிறார்கள். நல்ல இறுவட்டையும் இவை கெடுத்துவிடும். மூன்றையும் அணைத்தான். லண்டன் இறுவட்டை முதலிலிருந்து போட்டான். மாமா நாற்காலியைத் திரைக்குக் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். கதாநாயகி முதுகைக் காட்டி நின்றாள், மெல்லத் திரும்பினாள். தம்பியின் கையில் ரிமோட் இருந்தது. இடைவேளை வரை அவன் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை.